தோட்டத்துல வளர்ற புள்ளைக்கும் பள்ளிக்கூடம் வேணும்



டவுன்ல இருந்து எங்க பக்கம் ஒரு ஏக்கரா, ரெண்டு ஏக்கரா வாங்கிட்டுக் குடி வர்றவங்க எங்கிட்ட முதல்ல கேக்கறது தண்ணியைப் பத்தித்தான். கெணத்துல எத்தனை அடியில நிக்குது, போர் போட்டா வருமா, கீழ்பவானி வாய்க்கால் பாசனம் உண்டா. ரெண்டாவது கரண்ட்டு. அதுக்கப்புறம் கெளம்பற நேரத்துல, வாசல்ல நின்னு செருப்பைப் போட்டுக்கிட்டே கேப்பாங்க: "அண்ணா, பசங்களை ஸ்கூல்ல சேர்க்காம வீட்டுலயே வச்சுச் சொல்லிக் குடுக்கலாம்னு இருக்கோம். நீங்க என்ன நினைக்கறீங்க?"

முன்னெல்லாம் இந்தக் கேள்வி வராது. கொரோனாவுக்கு அப்புறம்தான் அதிகமாச்சு. 2020 மார்ச்சுல மூடின பள்ளிக்கூடத்தை சின்னப் பசங்களுக்கு 2021 நவம்பர்லதான் தொறந்தாங்க. அந்த ஒன்றரை வருசத்துக்கு மேல வீட்டுல வச்சுப் பார்த்தவங்கள்ல கொஞ்சம் பேருக்கு, 'இப்படியே இருந்துட்டா என்ன'ன்னு தோணிருச்சு. செருப்பைப் போட்டுக்கிட்டே பதில் சொல்ற விசயமில்லைங்க இது. அதனால உக்காந்து எழுதறேன்.

என்னோட எண்ணத்தை முதல்லயே சொல்லிடறேன். கிராமத்துக்குக் குடி வர்றீங்கன்னா, அஞ்சாம் வகுப்பு வரைக்குமாவது அந்த ஊரு ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடத்துல புள்ளைய விடுங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மேல புள்ளை உங்களோடதுதான். சனி, ஞாயிறு, கோடை லீவு எல்லாம் உங்களோடதுதான். நீங்க சொல்லிக் குடுக்கணும்னு நினைக்கற அத்தனைக்கும் அந்த நேரம் தாராளமாப் போதும்.

நீங்க சொல்ற காரணமெல்லாம் எனக்குப் புரியாம இல்லை. யூகேஜி புள்ளைக்கு ஒரு லட்சம் பீஸு, முக்கால் மணி நேரம் வேன்ல பயணம், வீட்டுக்கு வந்தா ஹோம்வொர்க்கு. அஞ்சு வயசுப் புள்ளைக்கு டியூசன் வைக்கறாங்கன்னு ஒரு தம்பி சொன்னப்ப நான் நம்பவே இல்லை. அதை விட்டு ஓடி வர்றது ஞாயமான காரியந்தான். ஆனா ஒண்ணு கவனிச்சுப் பாருங்க, நீங்க பயந்து ஓடி வர்றது அந்தப் பள்ளிக்கூடத்துல இருந்து. எங்க ஊருப் பள்ளிக்கூடத்துக்குள்ள நீங்க இன்னும் காலே வைக்கலை. எங்கிட்டக் கேட்டவங்கள்ல பாதிப் பேருக்கு அது எந்தப் பக்கம் இருக்குதுன்னே தெரியாது. கேட்டுக்கு எதுத்தாப்புலதான் பால் சொசைட்டி. தினமும் அங்க வந்து பால் வாங்கிட்டுப் போறாங்க.

அடுத்தது, தோட்டமே பெரிய பள்ளிக்கூடம்ங்கற பேச்சு. டவுன்காரங்க இதைச் சொல்றப்ப எனக்கு ரெண்டு விதமா இருக்கும். பெருமையாவும் இருக்கும், சங்கடமாவும் இருக்கும்.

பெருமை எதுக்குன்னு சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் எத்தனை நாள்ல மொளைக்கும், ஏன் பார் அமைச்சு நடறோம், மாடு எப்படி நின்னா சினைப் பருவம்னு தெரிஞ்சுக்கறது எல்லாம் அறிவுதான். அதுல மாத்துக் கருத்து இல்லை.

சங்கடம் என்னன்னா, உங்க பையன் மாட்டைப் புடிச்சுக் கட்டினா அதுக்குப் பேரு அனுபவக் கல்வி. படம் புடிச்சுப் போடறீங்க, நூறு பேர் பாராட்டறாங்க. என்ர தோட்டத்துக்கு மஞ்சள் வெட்ட வர்றவங்களோட பையன், அதே வயசு, பத்து மணிக்கு அதே மாட்டைப் புடிச்சுக் கட்டினா அதுக்கு என்ன பேருங்க? படிப்பை நிறுத்திட்டாங்கன்னு பேரு. ஆளுங்க வந்து விசாரிப்பாங்க, விசாரிக்கவும் வேணும். மாடு ஒண்ணுதான், கயிறும் ஒண்ணுதான். உங்க பையன் பின்னாடி ரெண்டு பட்டதாரிங்க நிக்கறாங்க, அந்தப் பையன் பின்னாடி யாரும் இல்லை, அதுதான் வித்தியாசம்.

இந்த ஊர்க்காட்டுல வயசானவங்களுக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. 1953ல ராஜாஜி முதலமைச்சரா இருந்தப்ப ஒரு திட்டம் வந்தது. கிராமத்துப் பசங்களுக்குப் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டுல அப்பன் தொழிலைக் கத்துக்கணும். குலக்கல்வித் திட்டம்னு பேர் வச்சு எதுத்தாங்க. 1954ல அவர் பதவியை விட்டுப் போனாரு, காமராஜர் வந்ததும் அந்தத் திட்டத்தை எடுத்துட்டாரு. நான் அதுக்கப்புறம் பொறந்தவன். எங்க ஐயன் சொல்லித்தான் தெரியும். காயிதத்துல படிச்சா அந்தத் திட்டம் கூட நல்லாத்தான் இருக்கும். மண்ணோட, தொழிலோட, குடும்பத்தோட கத்துக்கறதுன்னு. ஆனா செருப்புத் தைக்கறவர் மகன் செருப்புத் தைக்கறதையும், முடி வெட்டறவர் மகன் முடி வெட்டறதையும் கத்துக்கறதுதான் படிப்புன்னா, எங்க பக்கத்துச் சனங்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதனாலதான் 'வீட்டுலயே கத்துக்கலாம்'னு யாராவது சொன்னா இங்க எல்லாரும் உடனே தலையாட்ட மாட்டாங்க. உங்களுக்கு அந்தக் கணக்கு இல்லைன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் நீங்க குடி வந்திருக்கற ஊருக்கு அந்தக் கணக்கு இருக்குது.

சரி, புள்ளை விசயத்துக்கு வர்றேன்.

எங்க தோட்டத்துல இருந்து ஒரு கல்லு தொலைவுல ஒரு குடும்பம் இருக்குது. பையனுக்கு ஒன்பது வயசு. தங்கமான பையன். செம்போத்து, கரிச்சான், தையல்சிட்டுன்னு சத்தத்தை வச்சே சொல்லுவான். இங்கிலீஷ் புஸ்தகத்தைத் தண்ணி மாதிரி படிப்பான். என்னைப் பார்த்தா, "மாமா, உங்க கடலைக்கு ஏன் ஜிப்சம் போடறீங்க?"ன்னு கேள்வி மேல கேள்வி கேப்பான். எங்க பள்ளிக்கூடத்துல யாரையும் அவனோட அறிவுக்குப் பக்கத்துல நிறுத்த முடியாது. அதை ஒத்துக்கறேன்.

ஆனா மத்தியானம் மூணரை மணியில இருந்து அந்தப் பையன் வாய்க்கால் பாலத்துத் திட்டுல வந்து உக்காந்துக்குவான். நாலு மணிக்கு மேலதான் பள்ளிக்கூடம் விட்டுப் பசங்க வருவாங்க. அவங்க வர்றப்ப நாள் பூரா நடந்த கதையெல்லாம் பேசிக்கிட்டே வருவாங்க. எவன் அடி வாங்கினான், சத்துணவுல யாரு ரெண்டாந்தரம் வாங்கினாங்க, டீச்சர் வண்டி பஞ்சராயிருச்சு, இப்படி. இவன் கூடவே நடப்பான். சிரிப்பான். எதுக்குச் சிரிக்கறாங்கன்னு அவனுக்குப் பாதி புரியாது, ஏன்னா அவன் அங்க இல்லை. கிரிக்கெட்டுக்கு அவனைச் சேர்த்துக்குவாங்க, பேட்டு அவனோடதுங்கறதால. நாலு அடிச்சா கை தட்டுவாங்க. ஆனா சண்டைன்னு வந்தா அவனோட யாரும் சண்டை போட மாட்டாங்க. விருந்தாளிப் புள்ளை மாதிரி ஒதுங்கிக்குவாங்க. நாலு வருசமா இங்கதான் இருக்கான்.

அவங்க அப்பாகிட்ட இதைச் சொன்னேன். "அண்ணா, வாரா வாரம் கோயமுத்தூர்ல மத்த ஹோம்ஸ்கூல் பசங்களோட சேர்ந்து வெளையாட விடறோம்"னு சொன்னாரு. கார்ல ரெண்டு மணி நேரம் போயி, தன்னை மாதிரியே இருக்கற பசங்களோட வெளையாடறது நல்லதுதான். ஆனா பக்கத்துத் தோட்டத்துப் பையனோட சண்டை போட்டு மறுநாள் பேசறதை அங்க கத்துக்க முடியுங்களா? நாளைக்கு அந்த நெலத்துல வரப்புத் தகராறு வரும், வாய்க்கால் தண்ணிக்கு மொறை வரும். அப்ப எதுத்தாப்புல நிக்கப் போறது அந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பையன்தான்.

அப்புறம் அம்மாக்கள். நான் பார்த்த வீட்டுலயெல்லாம் வேலையை விட்டுட்டு உக்காந்திருக்கறது அம்மாதான். அப்பா லேப்டாப்புல வேலை பார்ப்பாரு, இல்லை இயற்கை விவசாயம் பண்ணுவாரு. ஹோம்ஸ்கூல்னு பேசறப்ப ரெண்டு பேரும் "நாங்க"ன்னு சொல்லுவாங்க. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் கூடவே இருக்கறது ஒருத்தர்தான். சமையல், மாடு, துணி, அதோட பாடம். ஒரு அம்மிணி எங்க வீட்டுக்காரிகிட்டச் சொல்லுச்சு, "அக்கா, ஒரு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடாம இருந்தாப் போதும்"னு. இதை ரெண்டு பேரும் உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க. எங்கிட்டக் கேக்கறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது அது.

இப்ப எங்க பள்ளிக்கூடத்தோட கொறையைச் சொல்றேன். மறைச்சு எழுதினா நீங்க சேர்த்த பொறகு என்னைத்தான் திட்டுவீங்க.

அஞ்சு வகுப்பு, ரெண்டு டீச்சர். கல்வி உரிமைச் சட்டத்துல தொடக்கப்பள்ளிக்கு அறுபது புள்ளைங்க வரைக்கும் ரெண்டு ஆசிரியர்னுதான் கணக்கு. எங்களுக்கு இப்ப இருக்கறது பதினேழு புள்ளைங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு வகுப்பு ஒரு ரூம்பு, நாலு, அஞ்சு இன்னொரு ரூம்பு. ஹெட்மாஸ்டரம்மா மீட்டிங்குன்னு வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போயிட்டா ஒருத்தர்தான் எல்லாத்தையும் பார்க்கணும். வருகைப் பதிவு, அந்தக் கணக்கு, இந்தக் கணக்குன்னு போன்ல ஏத்தறதுலயே ஒரு நேரம் போகுது. இங்கிலீஷ் கொறைச்சல்தான். அது நெசம்.

நல்லதும் இருக்குது. 2022ல எண்ணும் எழுத்தும் திட்டம் கொண்டு வந்தாங்க. மூணாம் வகுப்புக்குள்ள புள்ளைங்க பொருள் புரிஞ்சு படிக்கணும், அடிப்படைக் கணக்குப் போடணும்னு. புள்ளைங்களை அரும்பு, மொட்டு, மலர்னு நெலை பிரிச்சு, வகுப்பைப் பார்க்காம அவனவனுக்கு எது வருதோ அங்கிருந்து ஆரம்பிக்கறாங்க. அட்டை, பொம்மை, பாட்டு, தரையில உக்காந்து வேலை. ஒரு தங்கச்சி அவங்க பொண்ணுக்காகப் பதினஞ்சாயிரத்துக்கு மரப் பொருளெல்லாம் வாங்கி வச்சிருந்துச்சு, ஏதோ இத்தாலிக்காரம்மா முறைன்னு. அதைக் கொண்டு வந்து காமிச்சப்ப எங்க டீச்சர் சிரிச்சுட்டாங்க. பாதிக்கு மேல அவங்க அட்டைலயும் புளியங்கொட்டைலயும் பண்ணி வச்சிருந்தாங்க.

காலையில சாப்பாடு. 2023 ஆகஸ்ட்டுல இருந்து எல்லா அரசு தொடக்கப்பள்ளியிலயும் போடறாங்க. உப்புமா, கிச்சடி, பொங்கல்னு நாளுக்கு ஒண்ணு. ஊரு மகளிர் குழுப் பொம்பளைங்கதான் சமைக்கறாங்க. மத்தியானம் முட்டையோட சத்துணவு. உங்க புள்ளைக்கு அந்தச் சோறு தேவையில்லாம இருக்கலாம். ஆனா எல்லாரும் வரிசையா உக்காந்து ஒரே சட்டிச் சோறு திங்கறது எங்க ஊருல வேற எங்கயும் நடக்கறதில்லைங்க. கோயில் விருந்துல கூட இன்னும் இல்லை. வெக்கமாத்தான் இருக்குது, ஆனா உண்மை அதுதான்.

அதுலயும் இப்ப ஒரு சிக்கல். ஊருக்குள்ள கொஞ்சம் வசதி வந்தவங்க எல்லாரும் புள்ளைங்களை மஞ்ச வேன்ல ஏத்தி மெட்ரிக் பள்ளிக்கு அனுப்பிட்டாங்க. விவசாயிங்கதான் முதல்ல அனுப்பினது, எங்க சொந்தபந்தம் உள்பட. மிச்சம் இருக்கற பதினேழுல பத்துக்கு மேல காலனிப் புள்ளைங்க. நாலு பேரு ஒடிசா, பீகார்ல இருந்து மில்லு வேலைக்கும் கோழிப்பண்ணை வேலைக்கும் வந்தவங்களோட புள்ளைங்க. அதுல ஒரு பொண்ணு நம்ம தமிழ்ப் பாடத்தை அவ்வளவு சுத்தமா வாசிக்குது, ழகரம் எங்க ஊருப் பசங்களை விட நல்லா வருது. ஊரும் காலனியும் ஒண்ணா உக்காந்த ஒரே இடமா இருந்தது. இப்ப ஊரு எந்திரிச்சுப் போயிருச்சு.

எங்களைச் சுத்தி நாலு கிலோமீட்டருக்குள்ள டவுன்ல இருந்து வந்த குடும்பங்கள்ல மட்டும் பள்ளி வயசுல அஞ்சு புள்ளைங்க இருக்காங்க. அஞ்சும் வீட்டுப் படிப்பு. பதினேழோட அஞ்சு சேர்ந்தா இருபத்திரெண்டு. கணக்குக்கு அது சின்னதாத் தெரியும். ஆனா புள்ளைங்களே இல்லாமப் போன பள்ளிக்கூடங்களை நூலகமா மாத்தறோம்னு 2019ல அரசாங்கமே அறிவிச்ச நாடு இது. இன்னொண்ணு, உங்க புள்ளை வந்தா நீங்களும் வருவீங்க. பள்ளி மேலாண்மைக் குழுவுல நாலுல மூணு பங்கு பெத்தவங்கதான் இருக்கணும்னு சட்டம். காட்டு வேலைக்குப் போற அம்மா கூலியை விட்டுட்டு வந்து கூட்டத்துல உக்காந்தாலும் அதிகாரி முன்னாடி வாய் தொறக்கத் தயங்குது. நீங்க கேப்பீங்க. மனு எழுதுவீங்க. பதில் வரலைன்னா திரும்பவும் எழுதுவீங்க. எங்க பள்ளிக்கூடத்துக்கு இன்னைக்கு இல்லாதது அப்படி ஒரு ஆளுதான்.

"உங்க ஊருப் பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தறதுக்கு எங்க புள்ளையை வச்சுச் சோதனை பண்ணணுமா?"ன்னு ஒருத்தர் நேராவே கேட்டாரு. ஞாயமான கேள்வி. புள்ளைக்குக் கெடுதல்னா நான் சொல்ல மாட்டேன். என்ர மகளும் இதே பள்ளிக்கூடத்துலதான் அஞ்சு வரைக்கும் படிச்சா. வீட்டுல படிச்ச ரெண்டு பேரு, அலமாரி நெறையப் புஸ்தகம், இதெல்லாம் இருக்கற புள்ளைக்கு எழுத்தும் கணக்கும் எங்க இருந்தாலும் வந்துரும். அந்தப் புள்ளைக்கு வீட்டுல கெடைக்காதது மத்த புள்ளைங்கதான்.

வீட்டுல வச்சிருக்கறதுதான் சரின்னு நானே சொன்ன எடமும் உண்டு. ஒரு பொண்ணு, டவுன்ல ஒரு பெரிய பள்ளிக்கூடத்துல மூணாவது. கணக்கு வரலைன்னு எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுத் திட்டித் திட்டி, அந்தப் புள்ளை வெளியாளுங்ககிட்டப் பேசறதையே விட்டிருச்சு. திங்கக்கெழமை ஆனா காய்ச்சல் வந்துரும். இங்க ஆத்தா வீட்டுல கொண்டு வந்து விட்டாங்க. ஒன்றரை வருசம் ஒண்ணும் பண்ணலை, கோழிக்குத் தீனி போட்டுச்சு, ஆத்தாகூடத் தாயம் வெளையாடுச்சு. தாயத்துல கூட்டல் வந்துருச்சு. அந்த வீட்டுல நான் பள்ளிக்கூடத்தைப் பத்தி வாயே தொறக்கலை. அப்புறம் அதுவாத்தான் பக்கத்து வீட்டுப் பொண்ணுகூடப் போயி அஞ்சாவதுல உக்காந்துச்சு. அதே மாதிரி, கடுமையான ஊனம் இருக்கற புள்ளைங்களுக்கு வீட்டுல இருந்தே படிக்கற உரிமையை 2012ல சட்டத் திருத்தத்துலயே குடுத்திருக்காங்க. அந்த மாதிரி வீட்டுக்காரங்களுக்கு நான் இங்க எழுதறது எதுவும் இல்லை.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் கேக்கறீங்க. 2009ல போட்டு 2010 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்துல, ஆறு வயசுல இருந்து பதினாலு வரைக்கும் கட்டாயம்னு இருக்கறது அரசாங்கத்து மேல இருக்கற கட்டாயம். பள்ளிக்கூடம் குடுத்தே ஆகணும்னு அர்த்தம். புள்ளையைச் சேர்க்கறது பெத்தவங்க கடமைன்னும் எழுதியிருக்கு, சேர்க்காதவங்களுக்கு அந்தச் சட்டத்துல தண்டனை எதுவும் எழுதலை. பத்தாவதை மட்டும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில பதினாலு வயசு முடிஞ்சு எழுதிக்கலாம்னு நிறையப் பேர் திட்டம் வச்சிருக்காங்க. எழுதலாம். ஆனா ஒண்ணு கணக்குல வச்சுக்குங்க. மருத்துவப் படிப்புல அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்கு 2020ல குடுத்த 7.5 சதவீத இடம் ஆறாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்குத்தான். அடுத்த வருசம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம்னு விரிச்சதுக்கும் அதே கணக்குத்தான். ஒன்பதாவதுல கொண்டு வந்து சேர்த்தா அது கெடைக்காது. டாக்டராக்கறதுக்கா கிராமத்துக்கு வந்தோம்னு கேப்பீங்க. பதினேழு வயசுல அந்தப் புள்ளை என்ன கேக்கும்னு இப்ப யாருக்குத் தெரியும்?

இத்தனை நாள் வீட்டுல வச்சிருந்தோமே, இப்ப சேர்ப்பாங்களான்னு பயப்பட வேண்டாம். எட்டு வயசுப் புள்ளைன்னா அந்த வயசுக்கு உரிய வகுப்புலதான் சேர்க்கணும், பின்தங்கியிருந்தா தனிப் பயிற்சி குடுக்கணும். டிசி இல்லை, வயசுச் சான்று இல்லைன்னு திருப்பி அனுப்ப முடியாது. ஜூன்ல போனா நல்லது, நடுவுல போனாலும் சேர்த்துக்குவாங்க.

சேர்க்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் போயிப் பாருங்க. வாரத்து நடுவுல, சொல்லாம போங்க. காலையில எட்டரைக்குச் சாப்பாடு போடறப்பவே போயிருங்க, டீச்சர் எத்தனை மணிக்கு வர்றாங்கன்னும் தெரிஞ்சுரும். புள்ளைங்க டீச்சர்கிட்டப் போயித் தானாப் பேசுதா, இல்லை பேரைக் கூப்பிட்டா மெரளுதான்னு பாருங்க. அனுமதி கேட்டுக்கிட்டு மூணாவதுல ஒரு புள்ளையைக் கூப்பிட்டு, அதோட புஸ்தகத்துல இன்னும் நடத்தாத பக்கத்தைத் தொறந்து படிக்கச் சொல்லுங்க. மனப்பாடமா, படிப்பான்னு அங்கயே தெரியும். அப்புறம் பின்னாடி போயிக் கக்கூசைப் பாருங்க. தண்ணி வருதா, கதவுல தாழ்ப்பாள் இருக்குதா. எங்க பள்ளிக்கூடத்துல பசங்க பக்கத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பொங்கல்ல இருந்து சொல்லிட்டிருக்கோம். இந்த வாரமும் வரலைன்னா நானே ஒண்ணு வாங்கிட்டுப் போயி மாட்டிடலாம்னு இருக்கேன்.